முதலைகளை எண்ணிய சருகுமான்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் படித்துறையில் ஃபெர்ரி ஏறி, நீரிணையைக் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்கினால், சற்றுத் தூரத்திலேயே மாக் மண்டின் வந்துவிடும். தொழிற்சாலைகளும் பட்டறைகளும் அவற்றில் உழைப்பவர்கள் குடியிருக்கும் வீடுகளும் ஒரு தமிழ்ப்பள்ளியும் உள்ள அந்த ஊரில், ஒரு மாலை வேளை, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தபோது, பள்ளி விட்டு வந்த பேரன் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு சிறு மிருகம் ஆற்றிலே வரிசையாக மிதக்கும் முதலைகளின் முதுகின்மேல் தாவித் தாவி அக்கரை சேரவேண்டும், அதுதான் விளையாட்டு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அவனுடைய பாட்டி சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்யா, இந்த முதலைங்கள வரிசையா நிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்கள். "யாரும் சொல்லல பாட்டி. அது அப்படித்தான் இருக்கும்" என்றான் பேரன். "அப்ப இது சாங் கஞ்சில் கதை இல்லய்யா" என்று சொல்லிவிட்டுப் பாட்டி சமையற்கட்டுக்குள் போய்விட்டார்கள்.

அந்த ஒரு கேள்வியைப் பற்றியே நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். யுக்தியால் பிழைக்கும் மிருகங்களைப் பற்றிய பழங்கதைகள் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் மின்விளையாட்டாகவும் உருமாறி வரும் இந்தக் காலத்தில், அவ்வுருமாற்றத்தின் லாப நஷ்டங்களை எடைபோட அதைவிடச் சிறந்த தராசு எனக்கு அகப்படவில்லை.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சாங் கஞ்சில் என்பது மலாய்க் காடுகளில் வாழும் மிகச் சிறிய மான். நம் தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று உண்டு, அதற்குச் சருகுமான் என்று பெயர். மலேசியச் சருகுமான் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையே உள்ளது, கொம்பு கிடையாது, கால்கள் பென்சிலைப்போல் மெலிந்தவை, குளம்புள்ள விலங்குகளிலேயே உலகில் மிகச் சிறியவற்றுள் அது ஒன்று. புலிக்கும் மலைப்பாம்புக்கும் முதலைக்கும் ஒரு வாய்க்கு மேல் தேறாத அந்தப் பிராணிக்குத்தான் மலாய் மக்கள் 'சாங்' என்னும் மரியாதைச் சொல்லை முன்னால் சேர்த்து, கானகத்தின் மகா புத்திசாலியாகச் சிருஷ்டித்தார்கள். ஆற்றின் அக்கரையில் பழுத்துத் தொங்கும் கனிகளை உண்ண ஆசைப்பட்ட கஞ்சில், ஆற்றில் முதலைகள் நிறைந்திருப்பதைக் கண்டு, சுலைமான் நபியின் ஆணையைத் தான் கொண்டுவந்திருப்பதாகவும், முதலைகளுக்கு விருந்து வழங்க அரசர் திருவுளங்கொண்டிருப்பதால் அவற்றை எண்ணிக் கணக்குச் சொல்லவேண்டியிருப்பதாகவும், ஆகையால் இக்கரையிலிருந்து அக்கரை வரையில் வரிசையாக நிற்கவேண்டுமென்றும் அறிவிக்கிறது. முதலைகள் ஆனந்தமாக அணிவகுக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றின் முதுகிலும் மிதித்து எண்ணிக்கொண்டே போன கஞ்சில், அக்கரையில் குதித்த பிறகுதான் விருந்தின் ரகசியத்தை வெளியிடுகிறது.

இந்தக் கதையின் ஜீவன் தாவலில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தாவுவதற்கு எந்த மானாலும் முடியும். பசியோடு காத்திருக்கும் முதலைக் கூட்டத்தைத் தன் சொல்லின் வலிமையால், அவற்றின் பேராசையையே கயிறாகத் திரித்து, தனக்குப் பாலமாகக் கட்டிக்கொண்ட வாக்குச் சாதுரியமே கதை. மற்றக் கதைகளும் இப்படியே. புலியிடம் அகப்பட்டுக்கொண்ட கஞ்சில், மரத்தில் தொங்கும் குளவிக்கூட்டை 'அரசரின் சேகண்டி' என்கிறது. சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பை 'அரசரின் இடைக்கச்சை' என்கிறது. எருமைச் சாணத்தை 'அரசரின் பலகாரம்' என்கிறது. தான் அவற்றுக்குக் காவலிருப்பதாகவும் யாரையும் தொடவிடக்கூடாதென்றும் சொல்லச் சொல்ல, புலிக்கு அவற்றைத் தொட்டே தீரவேண்டுமென்ற ஆவல் மூளுகிறது. ஒவ்வொரு முறையும் கஞ்சில் செய்வது ஒன்றுதான்: ஒரு பொருளுக்கு வேறொரு பெயரைச் சூட்டுகிறது. அது வாய் திறக்காமல் இருந்தால் கதையே இல்லை.

கஞ்சில் எப்போதும் ஜெயிப்பதுமில்லை. நத்தையோடு ஓட்டப்பந்தயம் வைத்து, தன் இனத்தாரை ஆற்றோரம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த அந்த நத்தையிடம், எங்கே கூப்பிட்டாலும் தனக்கு முன்னால் "இதோ இருக்கிறேன்" என்று குரல் வரக் கேட்டு, மானங்கெட்டுத் தோற்றுப்போகிறது. தன்னிலும் சிறியவனிடம் தோற்கச் செய்யும் இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. வலியவனை எளியவன் வெல்லும் உபாயம் ஒருவருக்கே உரிய சொத்து அன்று என்பதைக் கதைசொன்ன மக்கள் மறக்கவில்லை.

மலாய் இலக்கியத்தில் இந்தப் பிராணிக்கு உள்ள கௌரவத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வேட்டைக்கு வந்த அரசன் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, துரத்தி வந்த நாயை வெண்ணிறச் சருகுமான் ஒன்று உதைத்து ஆற்றில் தள்ளிவிட, எளியது வீரங்கொள்ளும் இந்த மண்ணே தலைநகருக்கு ஏற்றதென்று அவன் மலாக்காவை நிறுவினான் என்று செஜாரா மெலாயு வரலாற்று நூல் கூறுகிறது. இன்றும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் மரத்தின் இருமருங்கிலும் நிற்கின்றன. 1994ல் மலேசியாவின் பெரோடுவா நிறுவனம் சாமானியக் குடும்பங்களுக்கென்று 660 சி.சி. எஞ்சினோடு சிறிய கார் ஒன்றைச் செய்து வெளியிட்டபோது, அதற்குச் சூட்டிய பெயரும் கஞ்சில்தான்.

இந்தக் கதைகளுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கஞ்சில் மலாய் மண்ணுக்கே உரியது. அதில் நாம் பங்கு கேட்கவேண்டியதில்லை. ஆனால் யுக்திக் கதைகளை மலாய் வாசகருக்கு ஏட்டிலே கொடுத்தவர்களின் வரிசையில் தமிழுக்கு நிச்சயமான ஓர் இடம் உண்டு. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தையெனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோரில் அரபியரும் உண்டு, தமிழரும் உண்டு. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால மலாக்காவில் வழக்கமாக இருந்தபடியால் அவரையும் தகப்பனார் தமிழாசிரியரிடம் அனுப்பினாரென்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழறிவைக் கொண்டு, 1835ல் பஞ்சதந்திரத்தை அவர் தமிழிலிருந்தே மலாயில் பெயர்த்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1826ல், சென்னையில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனமாக்கி வெளியிட்டிருந்தார். சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று அதன் பிம்பத்தையே எதிரியாகக் காட்டிய முயலும், இதயத்தை மரத்திலே மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிய குரங்கும் இவ்வாறு மலாய் எழுத்துக்குள் குடியேறி, சருகுமானுக்கு அண்டை வீட்டுக்காரர்களானார்கள். முதலையை ஏமாற்றிய அந்தக் குரங்கையும் முதலைகளை எண்ணிய இந்த மானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்தக் குழந்தையும் இருவரும் உறவினர் என்று சொல்லிவிடும்.

ஏட்டிலிருந்து திரைக்கு வருவோம். இங்கே நான் சற்று நின்று நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஏனென்றால் மலேசிய நாட்டின் முதல் சித்திர அசைவுப்படமே சாங் கஞ்சிலைப் பற்றியது என்பதும், அதைச் செய்தவரின் பெயர் ஆனந்தம் சேவியர் என்பதும் தமிழ் வாசகரில் பெரும்பாலோர் அறியாத விஷயம்.

ஃபிலெம் நெகாரா மலேசியா என்பது அரசாங்கத்தின் திரைப்பட நிறுவனமாக இருந்தது. 1946ல் மலாயா படப்பிரிவு என்ற பெயரில் தோன்றிச் செய்திப்படங்களும் விவரணப்படங்களும் எடுத்துவந்தது. அங்கே காட்சியமைப்புக் கலைஞராக இருந்தவர் ஆனந்தம் சேவியர். பெரிய ஓவியப் பட்டாளமோ, சித்திரப்படத்துக்கென்று பழகிய தொழிலாளர்களோ இல்லாத அந்த நாளில், அவர் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்னும் குறும்படத்தைச் செய்ய முற்பட்டார். 1978ஆம் ஆண்டைச் சேர்ந்த முயற்சி அது; தொலைக்காட்சியில் மக்கள் அதைக் கண்டதோ 1983ல்தான். அதன் பிறகு 'சாங் கஞ்சில் டான் மோஞெட்' என்று கஞ்சிலும் குரங்கும் 1984லும், புத்தியுள்ள காகத்தைப் பற்றியது 1985லும், கர்வங்கொண்ட முயலைப் பற்றியது 1986லும், கஞ்சிலும் முதலையும் 1987லும் அவர் கையிலிருந்து வெளிவந்தன. பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கள்: குரங்கு, காகம், முயல், முதலை. நம் பாட்டிமார் மடியில் வைத்துச் சொன்ன கதைகளின் ஜாபிதா அல்லவா இது!

அந்தக் காலத்துச் சித்திரப்படம் எத்தகைய உழைப்பைக் கேட்டது என்பதை இன்றைய வாசகர் கற்பனை செய்துகொள்வது நல்லது. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டிரண்டு முறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிஷப் படத்துக்கு 7,200. ஒவ்வொன்றையும் கண்ணாடிபோன்ற செல்லுலாய்ட் தாளில் கையால் பிரதி எடுத்து, பின்புறம் வர்ணம் தீட்டி, முன்னரே எழுதிவைத்த காட்டின் ஓவியத்தின்மேல் பொருத்தி, ஒவ்வொரு சட்டமாகப் புகைப்படம் எடுக்கவேண்டும். கஞ்சில் ஒருமுறை காதை அசைத்தால் அது ஓர் அரைநாள் வேலை. இவ்வளவையும் கம்ப்யூட்டரின் துணையில்லாமல் செய்து முடித்தவர்களுக்கு ஒரு நாடு கடமைப்பட்டிருக்கிறது. மலேசியா பின்னர் சித்திரப்படத் துறையில் அடைந்த கீர்த்திக்கு அவர்களுடைய மேசை விளக்கின் வெளிச்சமே தொடக்கம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தியாவிலும் ஏறக்குறைய இதே வரலாறு உண்டு என்பது ஆச்சரியமான ஒற்றுமை. பம்பாயில் அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1957ல் வெளியிட்ட 'தி பான்யன் டீர்' என்ற சித்திரப்படம், டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்ற கலைஞரின் பயிற்சியில் உருவானது. அதன் கதை புத்த ஜாதகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அங்கும் ஒரு மான், இங்கும் ஒரு மான். அது தியாகத்தால் வென்ற மான், இது தந்திரத்தால் வென்ற மான்.

பிற்காலத்தில் உப்பின் இப்பின் என்ற சித்திர இரட்டையரால் உலகப் புகழடைந்த லெஸ் கோபாக் நிறுவனம், 2011ல் 'படா ஸமான் டஹுலு' என்ற தொடரைத் தொடங்கியது. 'முன்னொரு காலத்தில்' என்பது அத்தலைப்பின் பொருள். பட்டணத்துப் பிள்ளைகளான ஆரிஸும் ஆராவும் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்து வீட்டில் தாத்தாவோடு இருக்க, அன்றன்றைய குறும்புக்கு ஏற்ற ஒரு மிருகக் கதையை அவர் எடுத்துச் சொல்கிறார். கஞ்சில் அடிக்கடி வருகிறது. கதையை மட்டும் காட்டாமல் கதை சொல்பவரையும் கேட்பவரையும் சேர்த்துக் காட்டியதில்தான் இத்தொடரின் மேன்மை இருக்கிறது. தாத்தாவின் குரல் ஏறுகிறது, இறங்குகிறது, ஓரிடத்தில் நிற்கிறது, குழந்தை "அப்புறம்?" என்கிறது. யுக்திக் கதைக்கு அந்த நிறுத்தம் உயிர்நாடி. கஞ்சில் என்ன சொல்லித் தப்பப்போகிறது என்பதைக் கேட்பவன் தானே ஒரு கணம் யோசித்துப் பார்ப்பதற்கு அந்த மௌனத்தில்தான் இடமிருக்கிறது.

சித்திரப்படத்துக்கு இன்னொரு சக்தியும் உண்டு. வாய்மொழிக் கதையில் கஞ்சிலின் சொல் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. படத்திலோ, வாய் ஒன்று சொல்லும்போது கண் வேறொன்று காட்டுகிறது. அரசரின் ஆணையைக் கம்பீரமாக வாசிக்கும் அந்தப் பிராணியின் மெல்லிய கால்கள் நடுங்குவதை ஓவியன் எழுதிவிட்டானானால், பார்க்கும் குழந்தை ஒரே சமயத்தில் பொய்யையும் அப்பொய்க்குப் பின்னால் இருக்கும் பயத்தையும் அறிந்துகொள்கிறது. எளியவன் சொல்லும் பொய் ஏன் நமக்குக் கோபமூட்டாமல் இரக்கமூட்டுகிறது என்பதற்கு அந்த நடுக்கமே விளக்கம். தந்திரத்தைக் கற்பிக்கும் கதைகளைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று கவலைப்படும் பெற்றோர்களுக்கும் என் பதில் இதுதான்: நடுங்கும் கால்களை மறைக்காமல் காட்டுங்கள், குழந்தை தவறாகப் புரிந்துகொள்ளாது. இந்தக் கவலை டிஸ்னி நிறுவனத்தையும் விடவில்லை. ஐரோப்பாவின் தந்திர நரியான ரெனார்டைக் கதாநாயகனாக்க நெடுநாள் யோசித்தும், ஏமாற்றுக்காரனை எப்படி நாயகனாக்குவது என்று தயங்கி அம்முயற்சியை விட்டுவிட்டார்கள். 1973ல் ராபின் ஹுட் படம் வந்தபோது அந்நரி ஏழைகளுக்கு உதவும் உத்தமத் திருடனாக வேஷம் மாறித் திரைக்கு வந்தது.

விளையாட்டுக்கு வருகிறேன். எளியது வலியதைக் கட்டிப்போடும் கற்பனை மின்திரைக்குப் புதிதன்று. நம் ஊர்க் கோயில் மண்டபக் கல்தரைகளில் கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வழியடைத்து அசையாமல் செய்துவிடுகின்றன. மலாய்க் கம்பங்களிலும் 'மாயின் ரீமாவ்' என்று புலி விளையாட்டு ஒன்று உண்டு. அங்கே புலியை ஆட்கள் சூழ்ந்து மடக்குகிறார்கள். கைநிறையக் கூழாங்கற்களும் ஒரு கரித்துண்டும் போதும், கானகத்தின் தர்மமே தரையில் விரிந்துவிடும்.

மின்விளையாட்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே முதலை முதுகும் அதற்குள் வந்துவிட்டது. 1981ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் செய்த 'ஃப்ராகர்' விளையாட்டில் ஒரு தவளை மரக்கட்டைகளின்மீதும் ஆமைகளின்மீதும் முதலையின்மீதும் ஏறி ஆற்றைக் கடக்கவேண்டும். 1982ல் அமெரிக்காவின் டேவிட் கிரேன் என்பவர் அட்டாரி 2600 கருவிக்காக எழுதிய 'பிட்ஃபால்' விளையாட்டில், குளத்தில் மூன்று முதலைகள் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூட, மூடிய நேரம் பார்த்து அவற்றின் தலைமீது தாவி அக்கரை சேரவேண்டும். இவர்கள் கஞ்சிலைக் கேள்விப்பட்டிருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் மாக் மண்டின் பாட்டியின் கேள்வியை இவர்கள் முன்னால் வைத்தால் விடை கிடைக்காது. அங்கே முதலைகள் தாமாகவே வரிசையில் நிற்கின்றன. விரலின் வேகமும் கண்ணின் கூர்மையும் இருந்தால் வென்றுவிடலாம். நாவுக்கு வேலையே இல்லை. கஞ்சிலின் கதையில் மிகவும் சுலபமான பகுதி எதுவோ அது விளையாட்டாகிவிட்டது. மிகவும் கடினமான பகுதி வெளியே நின்றுவிட்டது.

இது அந்தக் கருவிகளின் குறை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பொத்தானை அழுத்தித் தாவலாம், அடிக்கலாம்; எப்படிப் பேசுவது? அப்படியன்று என்பதற்கு 1990ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' சாட்சி. கடற்கொள்ளைக்காரனாக விரும்பும் ஒரு பையனின் கதை அது; வாட்போர் வரும்போது, எதிரி ஒரு கேலி வார்த்தையை வீச, அதற்குச் சரியான மறுமொழியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பவனே வெல்கிறான்; கையிலுள்ள வாள் வெறும் அலங்காரம். அப்போதே சொல்லைப் படைக்கலமாக்கிய விளையாட்டு ஒன்று வந்து வெற்றியும் பெற்றிருக்கிறது. ஆகவே கஞ்சிலின் வாயைக் கட்டியது கருவி அன்று, கற்பனைக் குறைவே.

ஜார்ஜ்டவுன் சீனர் கோயில் மேடைகளில் பொம்மையாட்டமாகவும் நாடகமாகவும் பல தலைமுறைகளாக அறியப்பட்ட குரங்கரசன் சுன் வூகோங்கின் கதியையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1941ல் வான் சகோதரர்கள் ஷாங்காயில் எடுத்த முதல் சீன நெடும் சித்திரப்படத்திலும் அவன் இருந்தான். 2024 ஆகஸ்டில் வெளியாகி, மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற 'பிளாக் மித்: வூகோங்' விளையாட்டிலும் அவன் பெயரே இருக்கிறது. அதன் காட்சிச் சிறப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தேவலோகத்தையே வார்த்தையாலும் உருமாற்றத்தாலும் திணறடித்த அந்தக் குறும்புக்காரன் அங்கே முதன்மையாகப் போர்வீரனாகிவிட்டான். அடுத்தடுத்து வரும் அசுரர்களைத் தண்டத்தால் வீழ்த்துவதே ஆட்டத்தின் பெரும்பகுதி.

கதையின் நாவை அறுப்பது ஒரு நஷ்டம். கதை சொன்னவர்களை அறுத்தெறிவது அதனினும் பெரிய நஷ்டம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் உழைத்த மக்கள், தங்கள் குடிசைகளில் பிரேர் ராபிட் என்ற தந்திர முயலின் கதைகளைச் சொல்லிவந்தார்கள். கசையும் சட்டமும் எஜமானன் கையில் இருக்க, தங்களிடம் மிஞ்சியது புத்தி ஒன்றே என்பதை அக்கதைகள் அவர்களுக்கு நினைவூட்டின. 1880ல் ஜோயல் சேண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். 1946ல் டிஸ்னி நிறுவனம் 'சாங் ஆஃப் த சவுத்' என்று படமாக்கியது. தோட்ட வாழ்க்கையை எல்லோரும் மகிழ்ந்திருந்த ஓர் இன்பக் காட்சியாக அப்படம் காட்டியது என்று வெளிவந்த நாளிலேயே கறுப்பின மக்களின் சங்கங்கள் கண்டித்தன. இன்று அந்த நிறுவனமே அதை வெளியில் காட்டுவதில்லை. முயலின் கதையைக் கொண்டு 1989ல் கேளிக்கைப் பூங்காவில் கட்டிய நீர்ச்சறுக்கு மலையையும் அமெரிக்காவில் 2023ல் மூடிவிட்டார்கள். முயல் ஒரு பிழையும் செய்யவில்லை. யாருடைய துயரத்திலிருந்து அது பிறந்ததோ அவர்களைச் சிரித்துக்கொண்டிருக்கும் வேலைக்காரர்களாக மாற்றியதுதான் பிழை.

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மலேசியத் தமிழருக்கு நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். நம் முன்னோர் அடிமைகளாக வரவில்லை; ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் வந்தார்கள். ஆனாலும் விடியுமுன் பால்மரம் சீவப் போய், துரைக்கும் கணக்கரான கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்த அந்த லயங்களில், நரியும் காகமும் முயலும் வரும் கதைகளுக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்பதை நம்மால் உணரமுடியும். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களிடமிருந்து கேட்ட கஞ்சிலும் அங்கே வந்து சேர்ந்துகொண்டது. மாக் மண்டின் பாட்டி அன்றிரவு பேரனுக்குச் சொன்ன கதையில், கஞ்சில் முதலைகளை "ஒண்ணு, டுவா, மூணு, அம்பாட்" என்று தமிழும் மலாயும் மாற்றி மாற்றி எண்ணியது. கடைசி முதலையின் பெயர் 'பெரிய கிராணி'. அந்த வடிவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இப்படிப்பட்ட கதையைத் திரைக்குக் கொண்டுபோக நேர்மையான வழியொன்றும் உலகில் உண்டு. 2014ல் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டு வெளியானது. அலாஸ்காவின் இனுப்பியாக் பழங்குடி மக்களின் கதையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயலின் மூலத்தைத் தேடிச் செல்கிறார்கள். அப்பிரதேசத்துப் பூர்வகுடிகளின் அமைப்பே அதை முன்னின்று செய்தது. முதியவர்களைக் கூட வைத்துக்கொண்டு ஆலோசித்தார்கள். கதையைச் சொல்லிவைத்துப் போன பெரியவரின் மகளிடம் சென்று அனுமதி பெற்றார்கள். விளையாட்டு முழுவதும் அவர்களுடைய மொழியிலேயே ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டு வருகிறது. ஆடிக்கொண்டிருக்கும் அயல்நாட்டுப் பிள்ளைக்கு அது புரியாத பாஷை. கீழே எழுத்தில் பொருள் வரும். இருந்தாலும் கதை யாருடையது என்பதை ஒரு கணமும் மறக்கமுடியாது.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் இன்று சித்திர அசைவும் விளையாட்டு நிரலும் கல்லூரியில் பயில்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அப்படியே. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே கைபேசியை அவர்கள் எதிரில் வைத்து, கஞ்சில் கதையையோ நரிக் கதையையோ அவர்கள் சொல்லும்படியே, நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, மலாய்ச் சொல் வந்தால் மலாய்ச் சொல்லோடு பதிவு செய்து வையுங்கள். அவர்கள் பெயரைப் படைப்பின் முகப்பிலே போடுங்கள். பிறகு விளையாட்டை அமைக்க உட்காரும்போது, ஆற்றை எழுதுங்கள், கனிகளை எழுதுங்கள், பசித்த முதலைகளை எழுதுங்கள். ஆனால் அவற்றை வரிசையாக நிறுத்திக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றிடம் என்ன சொல்லி நிற்கவைப்பது என்பதை விளையாடும் குழந்தை கண்டுபிடிக்கட்டும்.